உப்பு முதலில் ஏறும் கிணறு

"சுற்றுச்சூழலுக்காக ஏதாவது செய்யணும் ஐயா, எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டு வரும் பிள்ளைகள் இப்போது அதிகம். சந்தோஷமாக இருக்கிறது. மரம் நடுவது, குளம் தூர்வாருவது, பிளாஸ்டிக் பொறுக்குவது என்று அவர்களே ஒரு திட்டமும் கையில் வைத்திருப்பார்கள். எல்லாமே நல்ல காரியங்கள். நான் பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்பேன். உங்கள் ஊரில் தண்ணீர் கெட ஆரம்பித்தால், எந்தத் தெருக் கிணறு முதலில் கெடும்? பெரும்பாலான பிள்ளைகள் யோசித்துப் பார்த்ததில்லை. போய்த் தெரிந்துகொண்டு வாருங்கள், பிறகு உட்கார்ந்து பேசுவோம் என்று சொல்லி அனுப்புவேன்.

இந்தக் கேள்வி நான் புத்தகத்தில் படித்தது இல்லை. காவிரியின் கடைமடையில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, அங்கேயே வயதானவன் நான். மேட்டூரில் திறந்த தண்ணீர் தஞ்சாவூர், மன்னார்குடி எல்லாம் தாண்டி எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் பாதி சம்பாவுக்கு வயதாகிவிடும். வரும் தண்ணீரும் மேட்டுத் தெரு வாய்க்காலில் நிறைந்து, மிஞ்சினால்தான் காலனிப் பக்கம் போகும். நல்ல தண்ணீருக்கு அப்படி ஒரு வரிசை. கெட்ட தண்ணீருக்கு வரிசை தலைகீழ். உப்பு வந்தால் ஊரின் கடைசித் தெருவுக்குத்தான் முதலில் வரும். ஏனென்றால் பள்ளமான இடம், ஓடைக்கரை, உப்பனாற்றங்கரை, இவற்றைத்தான் காலம்காலமாகக் காலனி மக்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

உப்பு எப்படி ஏறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். கடற்கரை மணலில் மழைநீர் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. எங்கள் பக்கத்துக் கிணறுகளின் நல்ல தண்ணீர் முழுக்க அந்தப் படலம்தான். ஏற்றம் இறைத்த காலத்தில் அது தாக்குப்பிடித்தது. பெரிய மோட்டார் வைத்து இரவு பகலாக உறிஞ்சினால் நல்ல தண்ணீர் மெலிந்து, அடியில் இருக்கும் உப்புநீர் மேலே வந்துவிடும். பக்கத்திலேயே கடல்நீரைத் தேக்கி வைத்தால் கேட்கவே வேண்டாம், பக்கவாட்டிலும் கசிந்து வரும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தர அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். துளி உப்பும் இல்லாத நீரில் கலந்தால்கூட, ஒரு குடம் கடல்நீர் 70 குடத்தை அந்த எல்லையில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் அதிகாரிகள் இல்லை, சமையல் செய்த பெண்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கடலோரக் கிராமம் ஒன்றில், என்னிடம் படித்த பையனின் அம்மா சொன்னார்: "பருப்பு வேகமாட்டேங்குது சார். அடுப்பை மாத்திப் பாத்துட்டேன், பருப்பை மாத்திப் பாத்துட்டேன்." சோப்பு நுரைக்கவில்லை, குழந்தைகளின் தலைமுடி சிக்குப்பிடித்துக் கிடந்தது, மாடு தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பிறகுதான் வயலில் தெரிந்தது. நாற்றின் நுனி காய்ந்தது, தூர் கட்டவில்லை, நடுவயலில் அங்கங்கே சொட்டையாகத் திட்டு விழுந்தது. கோடையில் அந்தத் திட்டுகளில் வெள்ளையாக உப்புப் பூத்தது. மண்ணில் ஏறிய உப்பு கந்துவட்டிக் கடன் மாதிரி. ஏறுவதற்கு ஒரு பருவம் போதும், இறங்குவதற்கு எத்தனை மழைக்காலம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் பையனின் வீட்டுக்கும் வயலுக்கும் இடையில் வந்திருந்தவை இறால் பண்ணைகள்.

1990களின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சந்தையில் வரி இறாலுக்கு நல்ல விலை. அந்நியச் செலாவணி வேண்டும் என்று அரசும் ஊக்கம் கொடுத்தது. நீலப் புரட்சி என்று பெயர் வைத்தார்கள். ஆந்திரத்தின் நெல்லூரிலிருந்து எங்கள் கடற்கரை வரைக்கும் கம்பெனிகள் வந்தன. பல ஆண்டுகளாகத் தண்ணீர் சரியாக வராமல் நொந்துபோயிருந்த நில உடைமையாளர்கள் நல்ல விலை கிடைத்ததும் விற்றார்கள். அவர்களை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த நிலத்தில் நடவு நட்டு, களையெடுத்து, அறுவடை செய்து நெல்லாகக் கூலி வாங்கி வயிறு வளர்த்த குடும்பங்களுக்கு அந்த விற்பனைப் பத்திரத்தில் ஒரு வரிகூட இடம் இல்லை. பண்ணைக்கு ராக்காவல் ஆளும் தீனி போடும் ஆளும் வேண்டும், அவ்வளவுதான். நூறு பேர் இறங்கி நட்ட வயலைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே கடல்நீரை ஏற்றினார்கள். தீனியும் மருந்தும் கழிவும் சேர்ந்த தண்ணீரை வாய்க்காலிலும் கழிமுகத்திலும் திறந்துவிட்டார்கள். மீனவர்கள் கடலுக்குப் போகும் பாதையில்கூட வேலி வந்தது.

இறால் வளர்ப்பே பாவம் என்று நான் சொல்லவில்லை. கேரளத்தின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல், நெல் அறுத்ததும் அதே வயலில் இறால் என்று தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். ஓதநீர் தானாக வரும், தானாகப் போகும். மண்ணும் கெடவில்லை, கூலிக்காரரும் பட்டினி கிடக்கவில்லை. நெருக்கமாகக் குஞ்சு விட்டு, மூட்டை மூட்டையாகத் தீனி கொட்டி, நிலம் உப்பானதும் அடுத்த ஊரைப் பார்த்துப் போகும் முறைதான் எங்கள் கடற்கரையை அழித்தது. 1994-95இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளில் இறால்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கம்பெனிகள் பல போய்விட்டன. உப்பு போகவில்லை.

இங்கேதான் அந்தத் தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிருஷ்ணம்மாளும் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும்.

கிருஷ்ணம்மாள் 1926இல் திண்டுக்கல் பக்கத்துப் பட்டிவீரன்பட்டியில், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். நிறைமாதத்திலும் கூலி வேலைக்குப் போன தாயைப் பார்த்து வளர்ந்தவர். அந்தக் காலத்தில் அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு பெண் மதுரைக்குப் போய்ப் பட்டம் படித்தார் என்றால், அதற்குள் எத்தனை கதவுகளைத் தட்டியிருப்பார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஜெகந்நாதன் வசதியான வீட்டுப் பிள்ளை. 1930இல் காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியை விட்டவர், 1942 போராட்டத்தில் சிறை சென்றவர், சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று இருந்தவர். 1950இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. நிலமற்றவர்களுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்ட வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு எங்கள் பக்கத்துக் கீழ்வெண்மணியில் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி கொஞ்சம் கூடக் கேட்டதுதான் குற்றம். நாடே பேசியது. தலைவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். வந்து அப்படியே தங்கிவிட்டவர்களில் இந்த இருவரும் உண்டு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததெல்லாம் அந்தத் தங்குதலைப் பற்றித்தான். செய்தி சூடாக இருக்கும்போது ஒரு கிராமத்துக்குள் நுழைய யாராலும் முடியும். சாம்பல் ஆறி, பத்திரிகைக்காரர்கள் திரும்பிப் போய், வழக்கில் பெரிய மனிதர்கள் விடுதலையாகி, மக்கள் வாயடைத்துக் கிடக்கும் நாட்களில் அங்கே இருப்பதுதான் கடினம்.

அங்கே இருந்துகொண்டு அவர்கள் பார்த்த உண்மை எளிமையானது. இந்த மக்களின் காலடியில் ஒரு குழி நிலம்கூட அவர்களுடையது இல்லை. அதனால்தான் கூலியைக் கூட்டிக் கேட்டால் உயிர் போகிறது. ஆகவே நிலம். வலிவலம் பகுதியில் நிலத்துக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. 1981இல் 'லாப்டி' என்று எல்லோரும் சொல்லும் உழுபவரின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதன் வழிமுறையை இளைஞர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். நிலம் வைத்திருப்பவரையும் நிலம் இல்லாதவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசுவது. நியாயமான விலை பேசுவது. வங்கிக் கடன் வாங்குவது. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்ற கணக்கில், பெண்கள் பெயரில் பதிவு செய்வது. சேர்ந்து உழைத்துக் கடனைக் கட்டுவது. கேட்க எளிதாக இருக்கிறது. வங்கிகள் முதலில் கடன் தர மறுத்தன, முத்திரைத்தாள் செலவே தலைக்கு மேல் நின்றது. ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கித்தான் கிருஷ்ணம்மாள் அதைக் கரைத்தார். 2007க்குள் ஏறக்குறைய 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர் கைமாறியது. துப்பாக்கி இல்லாமல், அரிவாள் இல்லாமல், ஒருவரை ஒருவர் திட்டாமல் நடந்த காரியம் இது. இதற்கு இணையான ஒன்றை எங்கள் மாவட்டத்தில் என் வாழ்நாளில் நான் பார்க்கவில்லை.

நிலத்துக்கான இந்த வேலையைச் சுற்றுச்சூழல் வேலை என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் உப்பு வந்தபோது அதை எதிர்த்து நிற்பதற்கு ஆள் இருந்ததற்குக் காரணம் அதுதான். ஒரு ஏக்கர் பட்டா கையில் இருக்கும் பெண்ணும் அன்றாடக் கூலிக்குப் போகும் பெண்ணும் ஒரே மாதிரி எதிர்த்துப் பேச முடியாது. நாளைக்கு வேலை இல்லை என்று சொன்னால் கூலிக்குப் போகிறவள் வாய் மூடிவிட வேண்டும். பட்டா உள்ளவள் மூட வேண்டியதில்லை. மண்வளம், நீர்வளம் என்று மேடையில் பேசுபவர்கள், அந்த மண் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

இறால் பண்ணைகளுக்கு எதிரான வேலை தொடங்கியபோது ஜெகந்நாதனுக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கிருஷ்ணம்மாளுக்கு அறுபத்தைந்துக்கு மேல். ஓய்வுக்காலம் என்று நாம் ஒதுங்கும் வயதில் கடற்கரை நெடுகப் பாதயாத்திரை போனார்கள். கிராமம் கிராமமாகப் பிரார்த்தனை, உண்ணாவிரதம், பண்ணை வாசலில் மறியல். பண்ணைக்காரர்கள் மக்களை ஆள் வைத்து அடித்தார்கள், குடிசைகள் எரிந்தன, பலர்மீது வழக்குப் பாய்ந்தது, பெண்கள் உள்பட நிறையப் பேர் சிறைக்குப் போனார்கள். திருப்பி அடிக்கக் கூடாது என்ற ஒழுங்கைப் போராடியவர்கள் அந்த நிலையிலும் காப்பாற்றினார்கள். அடிபட்டவனிடம் பொறுமையாக இரு என்று சொல்வதற்கு ஒரு தகுதி வேண்டும். அவனோடு அதே கூழைக் குடித்து, அதே திண்ணையில் படுத்தவர் சொன்னால்தான் அவன் கேட்பான்.

தெருவில் நடந்தது ஒரு பாதி என்றால், காகிதத்தில் நடந்தது மறுபாதி. கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவர் என்ற முறையில் ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். உயர் அலையின் எல்லைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று 1991 பிப்ரவரியிலேயே மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டிருந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்று அதற்குப் பெயர். அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வழக்கு நடந்தது. நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை நேரில் போய்ப் பார்க்கச் சொன்னது நீதிமன்றம். அவர்கள் வந்து, கிணற்று நீரைச் சோதித்து, வயல்களைப் பார்த்து எழுதிய அறிக்கை, இறால் பண்ணைகளால் வரும் வருமானத்தைவிட அவற்றால் ஏற்படும் இழப்பே அதிகம் என்றது. பருப்பு வேகவில்லை என்று அந்தத் தாய் சொன்னது, ஆய்வக முத்திரையோடு டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது.

1996 டிசம்பர் 11. நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதுவும் தீர்ப்புச் சொன்னார்கள். ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் புதிதாக இறால் குளம் வெட்டக் கூடாது. இருப்பவற்றை 1997 மார்ச் 31க்குள் இடித்து அகற்ற வேண்டும். விவசாய நிலத்தையும் உப்பளத்தையும் பண்ணையாக மாற்றக் கூடாது. கெடுத்தவரே நஷ்டஈடு கொடுக்க வேண்டும், கெட்ட மண்ணைச் சரிசெய்யும் செலவும் அவரைச் சேர்ந்தது. பழைய முறையில் வளர்ப்பவர்களுக்கு விலக்கு உண்டு. வேலை இழக்கும் பண்ணைத் தொழிலாளர்களுக்கு 6 ஆண்டு ஊதியம் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தக் கடைசி உத்தரவு எனக்கு மிகவும் பிடித்தது. பண்ணையை மூடினால் அதை நம்பியிருந்த ஏழை தெருவில் நிற்கக் கூடாது என்று நினைத்த நீதி அது.

எங்கள் ஊர்களில் வெடி வெடித்தார்கள். ஆனால் அந்த மார்ச் 31இல் மண்வெட்டி இறங்கவில்லை. மறு ஆய்வு மனுக்கள் போடப்பட்டன, இடிக்கும் உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. ஆண்டுகள் ஓடின. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் அதிகம் பேர் பலியானார்கள். உயிர்களோடு கிணறுகளும் போயின. கடல் ஏறிப்போன வயல்களில் எது கடல் தந்த உப்பு, எது மனிதன் தந்த உப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. அதிலிருந்து ஆறு மாதம் முடிவதற்குள், 2005 ஜூனில், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. இறால் வளர்ப்புக்கு அந்தக் கடற்கரை அறிவிக்கையிலிருந்து முன்தேதியிட்டு விலக்குக் கொடுத்தது. தீர்ப்பு நின்றிருந்த பலகையைக் கீழிருந்து உருவிவிட்டார்கள். ஆணையம், பதிவு, விதிமுறை என்று சில கட்டுப்பாடுகள் வந்தது உண்மை. ஆனாலும் ஏழைகள் நடையாய் நடந்து வாங்கிய தீர்ப்பு கையைவிட்டுப் போனதும் உண்மை. 2009க்குப் பிறகு வனாமி என்ற வேற்றுநாட்டு இறால் வந்து, பண்ணைகள் மறுபடி பெருகின.

இந்தக் கதையை நான் வகுப்பில் சொன்னபோதெல்லாம் ஒரு பிள்ளையாவது எழுந்து, "அப்போ எல்லாம் வீண்தானே சார்?" என்று கேட்கும். வீண் இல்லை என்பதற்கு அந்த ஊர்களையே சாட்சியாகக் காட்டுவேன். வழக்கு நடந்த காலத்தில் தடுக்கப்பட்ட குளங்கள் எத்தனையோ. அந்த இடத்தில் இன்றும் நெல் விளைகிறது. 13,000 பட்டாக்கள் பெட்டிகளில் பத்திரமாக இருக்கின்றன. கலெக்டர் ஆபீஸ் படியேறப் பயப்படாத ஒரு தலைமுறைப் பெண்கள் உருவாகிவிட்டார்கள். தீர்ப்பைத் திருப்பியவர்களால் இவற்றைத் திருப்ப முடியவில்லை.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். 1959இல் அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தபோது திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்துக்கும் வந்தார். ஆறு ஆண்டு கழித்து, 1965இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் செல்மாவிலிருந்து மான்ட்கமரிக்கு அவர் வாக்குரிமைக்காக நடத்திய நடைப்பயணம் லவுண்டஸ் என்ற மாவட்டத்தைக் கடந்து போனது. பருத்தி விளைந்த கருமண் பூமி. மக்களில் பெரும்பான்மை கறுப்பினத்தவர். அந்த ஆண்டு தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பட்டியலில் பெயர் சேர்த்த குத்தகைக் குடும்பங்களை நிலச்சொந்தக்காரர்கள் வெளியேற்றினார்கள். அவர்கள் சாலையோரத்தில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். கீழ்வெண்மணியைப் படித்துவிட்டு இதைப் படித்தால் ஊர்ப்பெயரைத் தவிர வேறு எதுவும் அந்நியமாகத் தெரியாது.

அந்த மாவட்டத்தில் வளர்ந்த பெண் கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ். ஆசிரியராக இருந்தவர். வெளியே போய் வேலை பார்த்துவிட்டுச் சொந்த மண்ணுக்குத் திரும்பியவர். அங்கே அவர் கண்டது, பணக்கார நாட்டில் எவரும் நம்பாத காட்சி. வீட்டுக் கழிவறைக் குழாய் நேரே பின்பக்கப் பள்ளத்தில் போய் முடிகிறது, மலநீர் முற்றத்தில் தேங்கிக் கிடக்கிறது, மழை பெய்தால் திரும்பி வீட்டுக்குள் வருகிறது. அந்தக் கருங்களிமண் தண்ணீரை உள்ளே விடாது. சாதாரணக் கழிவுத் தொட்டி அங்கே வேலை செய்யாது. வேலை செய்யக்கூடிய தொட்டிக்கு ஆகும் செலவு அந்த மக்களின் ஆண்டு வருமானத்தையே விழுங்கிவிடும். அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? தொட்டி கட்டவில்லை என்று அந்த ஏழைகள்மீதே வழக்குப் போட்டது, கைது செய்வோம் என்றது.

ஃபிளவர்ஸ் 2002இல் ஓர் அமைப்பைத் தொடங்கி வீடு வீடாகப் போனார். அப்படி ஒரு வீட்டின் சாக்கடைப் பள்ளத்தருகே நின்றபோது கொசுக்கடிபட்டு அவர் உடம்பெங்கும் தடித்தது. மருத்துவர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. வெப்பமண்டல நோய்களை ஆராயும் ஒரு நிபுணரிடம், ஏழை நாடுகளில் உள்ள நோய் எதுவும் எங்கள் ஊரில் இருக்குமா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. சோதிக்கப்பட்ட 55 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொக்கிப்புழுவின் தடயம் இருந்தது. அமெரிக்காவில் ஒழிந்துவிட்டதாக நினைத்திருந்த நோய் அது. 2023 மே மாதம் அந்நாட்டு நீதித்துறைக்கும் அலபாமா அரசுக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கழிவுத் தொட்டி இல்லாத குற்றத்துக்கு இனி வழக்குப் போடக் கூடாது, அந்த மக்களுக்கு வசதி செய்து தர வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் புதிதாக வந்த மத்திய அரசு அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டது.

இரண்டு கதைகளும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள். வாங்கிய நீதியை வேறொருவர் வந்து திரும்ப எடுத்துக்கொண்டார். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஏழையின் பக்கம் சாயும் ஆணை எதுவானாலும் அதைக் கழற்றுவதற்குப் பணமும் பொறுமையும் உள்ளவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் காத்திருப்பது ஒன்றுக்குத்தான். நம் ஆள் ஊரைவிட்டுப் போகும் நாளுக்கு. அதனால் இந்த வேலைக்கு ஆள் தேடும்போது பேச்சுத்திறமையை நான் பார்ப்பதில்லை. கோபம் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்ப்பதில்லை. கோபம் இளமையில் எல்லோருக்கும் வரும், வயதோடு தணிந்தும் போகும். பத்து வருஷம் கழித்தும் அந்தத் தெருவில் ஒரு கிழவி பெயர் சொல்லிக் கூப்பிடும் தூரத்தில் இவன் இருப்பானா? அதைத்தான் பார்க்கிறேன்.

விருதுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008இல் இந்தத் தம்பதிக்கு 'வாழ்வுரிமை விருது' என்று தமிழில் சொல்லப்படும் ஸ்வீடன் நாட்டு விருது கிடைத்தது. மாற்று நோபல் என்பார்கள். கிருஷ்ணம்மாளுக்கு 1989இல் பத்மஸ்ரீ, 2020இல் பத்மபூஷண். பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்லும் பலருக்கு, குடிசைக்குப் பதில் வீடு என்று சொல்லி அந்தம்மா ஊர்மக்களைக் கொண்டே செங்கல் அறுக்கவைத்து வீடு கட்டியது தெரியவில்லை. எனக்கு அந்தச் செங்கல்தான் பெரிதாகப் படுகிறது. ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில் மறைந்தார். அதற்குப் பிறகும் அந்தம்மா அந்த வேலையை விடவில்லை.

இப்போது என்னிடம் கேட்க வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பெரிய வேலை இல்லை, தொடர்ந்து செய்வதுதான் சிரமம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் சின்னக் கருவி, டிடிஎஸ் மீட்டர் என்பார்கள், சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. சித்திரை வெயில் உச்சத்தில், ஏப்ரல் கடைசி வாரத்தில், உங்கள் ஊரின் எல்லாக் கிணறுகளையும் அடிபம்புகளையும் அதனால் அளந்து, தெருவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் நாள் கடைசித் தெருவுக்குப் போங்கள். அங்கே இருக்கும் பெண்களிடம் எந்தத் தண்ணீரில் சமைக்கிறீர்கள், எதில் துணி துவைக்கிறீர்கள், எந்த மாதத்திலிருந்து மாற்றினீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த வருஷம் அதே கிணறு, அதே வாரம். கடலோரமாக இருந்தால் பக்கத்துப் பண்ணையின் பதிவு எண்ணையும் கேளுங்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சிறிய பண்ணைகளின் விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பார்த்தாக வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். அந்தக் குழுவின் மேசைக்கு உங்கள் நோட்டின் நகல் போகட்டும். மே 1 கிராம சபையில் அதை வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வாசிப்பதற்கு நீங்கள் எழுந்திருக்காதீர்கள். கடைசித் தெருவிலிருந்து, அந்தத் தண்ணீரைத் தூக்கிச் சுமக்கும் ஒருத்தியை வாசிக்கச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் உட்காருங்கள்.